கடல் நீரோட்டப் பெட்டி: தொட்டியை வாங்கலாம், கையேட்டை நம்பலாகாது

பள்ளி ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் இப்போது இந்தப் பெட்டி கிடைக்கிறது. மேலே "கடல் நீரோட்டமும் பருவநிலையும்" என்று தமிழிலேயே அச்சடித்திருக்கிறார்கள். விலை 7,800 ரூபாய். அறிவியல் கண்காட்சி நடத்தும் பள்ளிகளையும், ஊர் நூலகத்திலோ மண்டபத்திலோ பொதுமக்களைக் கூட்டி விளக்கம் சொல்லும் குழுக்களையும் மனதில் வைத்துச் செய்த சாமான். கடலே இல்லாத கொங்கு நாட்டில் கடலைக் காட்ட ஒரு தொட்டி வருவது நல்ல காரியம். ஆனால் கையேட்டில் எழுதியிருப்பதை அப்படியே செய்தால், ஐந்து சோதனைகளில் மூன்று கூட்டத்துக்கு நடுவே கவிழும். கவிழ்வதற்கான காரணம் தெரிந்தவர் கையில் இதே பெட்டி வேறு பொருளாகிவிடும்.

உள்ளே இருப்பவை: 60 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்தில் அக்ரிலிக் தொட்டி. அதன் நடுவே செருக ஒரு தடுப்புப் பலகை. அதில் மேலொன்றும் கீழொன்றுமாக 2 செ.மீ. துளைகள், ரப்பர் அடைப்பான்கள். 30 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டத் தொட்டி, அதைச் சுற்ற 12 வோல்ட் மோட்டார் வைத்த சுழல்மேசை. இரண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர், சிவப்பும் நீலமும் உணவுச் சாயப்பொடி, ஒரு எவர்சில்வர் டப்பா, கரண்டில் சூடாகும் ரப்பர் விரிப்பு, 12 தாள் விளக்கப்படம், கையேடு. நீளத் தொட்டியில் 15 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் 9 லிட்டர் பிடிக்கும். தடுப்பு போட்டால் பக்கத்துக்கு நாலரை.

தண்ணீரின் அடர்த்தி பார்க்க ஒரு கருவியும் இல்லை. பெரிய குறைதான், ஆனால் நம் பக்கம் தீர்ப்பது சுலபம். பால் சொசைட்டியில் புழங்கும் பால்மானி போதும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைத்த தண்ணீரில் மிதக்கவிட்டால் 22, 23 பக்கம் நிற்கும். பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை நம்ப வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை 9,990-க்கு மேல் காட்டாது. கடல் நீரோ ஏறத்தாழ 35,000. ஆனாலும் அந்த எண்ணைச் சொல்வதில் பயன் உண்டு. போர் தண்ணீர் 2,000 வந்தாலே முகம் சுளிக்கிற ஊரில், கடல் எவ்வளவு உப்பு என்று வேறு விதமாக விளக்கவே வேண்டியதில்லை.

முதல் சோதனை, தடுப்புப் பலகையும் இரண்டு துளையும். இது பழைய வித்தை. 1679-இல் கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் போன இத்தாலியர் லூயிஜி ஃபெர்டினாண்டோ மார்சிலி, பாஸ்பரஸ் நீரிணையில் மேல்தண்ணீர் கருங்கடலிலிருந்து வெளியே ஓட, அடித்தண்ணீர் எதிர்த்திசையில் உள்ளே போவதைக் கண்டார். காரணத்தை நிரூபிக்க, நடுவில் தடுப்பு வைத்து மேலும் கீழும் துளை போட்ட ஒரு பெட்டியில் உப்புக் கூடிய நீரையும் குறைந்த நீரையும் விட்டுக் காட்டி, 1681-இல் வெளியிட்டார். நாம் 7,800 கொடுத்து வாங்குவது அந்தப் பெட்டியின் அக்ரிலிக் பிரதி.

கையேடு சொல்வது: ஒரு பக்கம் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, மறுபக்கம் நல்ல தண்ணீர், இரண்டு அடைப்பானையும் எடு. ஓடும், சந்தேகமில்லை. ஆனால் விறுவிறுவென்று ஓடி, துளை வாயில் சுழித்து, சிவப்பும் நீலமும் கலந்து ஊதாவாகிவிடும். பின்வரிசைக்காரர் எட்டிப் பார்ப்பதற்குள் பாதி முடிந்திருக்கும். 35 கிராம் என்பது கடலுக்கும் நன்னீருக்கும் உள்ள வித்தியாசம். கடலுக்குள்ளே ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிராம்தான். ஆகவே லிட்டருக்கு 6 கிராம் போடுங்கள். நாலரை லிட்டருக்கு 27 கிராம். உப்பை ஆறில் ஒன்றாகக் குறைத்தால் வேகம் ஆறில் ஒன்றாகாது. வர்க்கமூலக் கணக்கில் இரண்டரை மடங்குதான் குறையும். அந்த வேகத்தில் அடியில் ஒரு நிறம், மேலே ஒரு நிறம் என்று கோடு போட்டாற்போல் நிற்கும்; ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடும்.

6 கிராம் என்ற அளவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 30 டிகிரித் தண்ணீரை 10 டிகிரிக்குக் குளிரவைத்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 4 கிராம் கனம் கூடும். 6 கிராம் உப்பும் அதே 4 கிராமைத்தான் கூட்டும். இப்படி உப்பையும் குளிரையும் ஒரே தராசில் சமமாக வைத்துவிட்டால், முதலில் உப்பு மட்டும், பிறகு குளிர் மட்டும், மூன்றாவதாக ஒரு பக்கம் உப்பு மறுபக்கம் குளிர் என்று மூன்று ஆட்டம் ஆடலாம். மூன்றாவதில் தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் தயங்கி நிற்பதுதான் அன்றைய கூட்டத்தின் சிறந்த நிமிடம். கடலில் நீர் ஆழத்துக்கு இறங்குவதை உப்பும் வெப்பமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். 35 கிராம் போட்டால் உப்பு, வெப்பத்தை அடித்து வீழ்த்திவிடும். குளிர் என்ன செய்கிறது என்பதே தெரியாது.

அடைப்பான் எடுக்கும் முறையிலும் கையேடு அவசரப்படுகிறது. இரண்டையும் ஒன்றாக எடுக்காமல் முதலில் கீழதை மட்டும் எடுங்கள். கனத்த தண்ணீர் ஓரிரு நொடி பாய்ந்து தளர்ந்துவிடும். மறுபக்க மட்டம் மயிரிழை உயர்ந்து எதிர்த்து அழுத்துவதுதான் காரணம். பிறகு அந்தத் துளைக்குள்ளேயே கொஞ்சம் இழுபறி நடக்கும், அவ்வளவுதான். இப்போது மேலதையும் எடுத்தால் சுற்று தொடங்கும். கீழே போகிற தண்ணீருக்கு ஈடாக மேலே ஒரு வழி திறந்திருந்தால்தான் ஓட்டம் நிலைக்கும். வடக்கு அட்லாண்டிக்கில் நீர் இறங்குவதும் மேற்பரப்பில் வெப்பநீர் வடக்கே போவதும் ஒரே சங்கிலியின் இரு முனை என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

இனி சில்லறைத் தொல்லைகள். பலகையின் ஓரம் கசியும். வாஸ்லினை மெல்லத் தடவிச் செருகினால் நிற்கும். அயோடின் தூள் உப்பில் கட்டிபடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளால் தண்ணீர் பால்போல் கலங்கும். கல்லுப்பை முதல்நாளே கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி வையுங்கள். மேல்நிலைத் தொட்டித் தண்ணீரை நேராகப் பிடிக்கக் கூடாது. சித்திரை மதியத்தில் அது குளிக்கிற வெந்நீராக இருக்கும், தவிர அக்ரிலிக் சுவரெல்லாம் குமிழ் ஒட்டும். இரவே பிடித்து நிழலில் வைத்த தண்ணீர்தான் சரி. சாயப்பொடியை ஒரு சிட்டிகை எடுத்து 50 மி.லி. தண்ணீரில் கரைத்து, அதில் 10 மி.லி. மட்டும் விடுங்கள், இரண்டு பக்கமும் சம அளவு. இந்தப் பொடிகளிலேயே உப்பு கலந்திருக்கும் என்பதால், ஒரு பக்கம் மட்டும் தாராளமாகக் கொட்டினால் கணக்கு கெடும். திருப்பூர்க்காரர்கள் "நம்ம சாயப்பட்டறைப் பொடி கொஞ்சம் தரட்டுங்களா?" என்று கேட்பார்கள். வேண்டாம். கையிலும் தரையிலும் பிடித்தால் போகாது என்பதோடு, ரியாக்டிவ் சாயத்தூசி மூச்சுக்கு ஆகாது. பிள்ளைகள் நிற்கிற இடம்.

இரண்டாவது சோதனையில்தான் கையேடு தலைகுப்புற விழுகிறது. தொட்டி முழுக்க 35 கிராம் உப்பு நீர் நிரப்பி, நீலச் சாயம் கலந்து உறையவைத்த ஐஸ் கட்டியை ஒரு முனையில் போடச் சொல்கிறார்கள். "துருவத்தின் குளிர்ந்த நீர் கீழே இறங்குவதைக் காண்பீர்கள்" என்று தடித்த எழுத்தில் வேறு. காண மாட்டீர்கள். நீலம் மேலேயே படர்ந்து, ஒரு விரற்கடை கனத்துக்குப் பாய் விரித்தாற்போல் கிடக்கும். ஐஸ் உருகி வருவது நன்னீர். 0 டிகிரியானாலும் லிட்டருக்கு 1,000 கிராமைத் தாண்டாது. கீழே உள்ள உப்பு நீர் 28 டிகிரியிலும் 1,019 பக்கம் இருக்கும். லேசானது மேலே நிற்காமல் என்ன செய்யும்? இதே கட்டியை நல்ல தண்ணீரில் போட்டால் நூல்நூலாக அழகாக இறங்கும். கையேடு எழுதியவர் நல்ல தண்ணீரில் செய்து பார்த்துவிட்டு, உண்மைக் கடல் போல இருக்கட்டும் என்று உப்பைப் பிற்பாடு சேர்த்திருக்க வேண்டும்.

துருவக் கடலில் நடப்பது வேறு. கிரீன்லாந்துக்குக் கிழக்கே உள்ள கடல்களிலும் தென்மேற்கே உள்ள லாப்ரடார் கடலிலும், குளிர்காற்று நீரின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. தெற்கிலிருந்து வந்த நீர் ஏற்கெனவே உப்புக் கூடியது. இரண்டும் சேர்ந்து அதை இறக்குகின்றன. அண்டார்டிகாவில் வெடல் கடல், ராஸ் கடல் பக்கம் கடல்நீர் உறையும்போது ஐஸ் பெரும்பாலான உப்பை வெளியே தள்ளிவிடுகிறது. மிச்ச நீர் உப்பேறிக் கனத்து அடிமட்டத்துக்கே போகிறது. ஆக நீரை இறக்குவது உறைதலும் குளிர்தலும். உருகுதல் அதற்கு நேர் எதிரான வேலை செய்கிறது.

சரிசெய்ய ஒரு ஜிப் பை போதும். உடைத்த ஐஸை பையில் போட்டு மூடி, தொட்டியின் ஒரு முனையில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். குளிர் போகும், நன்னீர் கலக்காது. பைக்குப் பக்கத்தில் நீலச் சொட்டு விட்டால், உப்பு நீரானாலும் சுவரோரமாக இறங்கித் தரையில் ஊர்ந்து மறுமுனைக்குப் போவது தெரியும். மீன் கடை பார் ஐஸ் இதற்குத் தாராளம். குளிர் இன்னும் கூட வேண்டுமென்றால், மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு. குல்ஃபிக்காரர் பானையில் போடுகிற அதே கலவை.

அதற்காக நீல ஐஸ் கட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். பையைத் தொங்கவிட்டு ஓட்டம் நன்றாக நடக்கும்போது, அதன் பக்கத்திலேயே சாயக்கட்டிகள் நாலைந்தைப் போடுங்கள். உருகும் நன்னீர் மேலே மூடிபோல் படர, அடியில் போய்க்கொண்டிருந்த ஓட்டம் மெல்ல இளைத்துவிடும். கிரீன்லாந்துப் பனி உருகிக் கடலில் கலப்பதைப் பற்றி விஞ்ஞானிகள் கவலைப்படுவது இதைத்தான். கையேட்டின் பிழையான சோதனை, சரியான இடத்தில் வைத்தால் பெட்டியிலேயே மிகப் பெறுமதியான சோதனையாகிறது.

மூன்றாவது சோதனையின் ரப்பர் விரிப்பைத் தொட்டிக்கு அடியில் "பூமத்திய ரேகை" முனையில் வைத்துச் சூடேற்றச் சொல்கிறார்கள். கடலுக்கு அடியில் அடுப்பு இல்லை. வெயில் மேலிருந்துதான் அடிக்கிறது. துருவக் குளிரும் மேலிருந்துதான். தோட்டத்துக் கிணற்றில் குதித்தவர்களுக்கு இது தெரியும். மேலே வெதுவெதுப்பு, இடுப்புக்குக் கீழே ஜில்லென்று ஆளை உலுக்கும். மேலே சூடேறினால் லேசான நீர் மேலேயே தங்கிவிடும், புரளாது. அப்படியானால் ஆழத்தில் இறங்கிய நீர் திரும்ப மேலே வருவது எப்படி? காற்றும் கடல் ஏற்றவற்றமும் கலக்குவதால். அண்டார்டிகாவைச் சுற்றி வீசும் மேலைக்காற்று நீரை இழுத்து மேலேற்றுவதால். கடலியல் அறிஞர்கள் வால்டர் மங்க்கும் கார்ல் வுன்ஷும் 1998-இல் போட்ட கணக்கில், ஆழ்கடலைக் கலக்கச் சுமார் 2 டெராவாட், அதாவது 2 லட்சம் கோடி வாட், ஆற்றல் தேவைப்படுகிறது. வெப்பமும் உப்பும் மட்டும் போதும் என்று கையேடு எழுதியிருப்பது அரைக்கிணறு தாண்டிய கதை. விரிப்பைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, மறுமுனையில் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே 100 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். அக்ரிலிக்கில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வளைந்துவிடும்.

சுழல்மேசை நல்ல வேலைப்பாடு. நிமிடத்துக்கு 10 சுற்று, பெரிய அதிர்வில்லை. கோயமுத்தூர் என்றால் யாராவது ஒருவர் "கிரைண்டர் மோட்டார்லயே வெச்சுக்கலாமுங்களே, எதுக்கு இத்தனை காசு?" என்று கேட்டே தீருவார். கணக்கு இதுதான்: 10 சுற்றில் வட்டத் தொட்டியின் ஓரத்து நீர், நடுவைவிட ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் உயரும். 120 சுற்று வைத்தால் 18 செ.மீ. உயரும், தண்ணீர் கூட்டத்தின் மேல் இருக்கும்.

இதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். மேசை மட்டம் ரசமட்டத்தில் சரியாக இருக்க வேண்டும்; பழைய மண்டபத்துக் கல்தரை என்றால் காலுக்கு அடியில் காசு வைத்து ஈடுகட்டுங்கள். இரண்டாவது, 10 செ.மீ. உயரத்துக்கு நிரப்பிய நீர் முழுதும் மேசையோடு சேர்ந்து சுற்றும் நிலைக்கு வரக் கால் மணி நேரம் ஆகும். கையேடு "2 நிமிடம்" என்கிறது. 2 நிமிடத்தில் சாயம் விட்டால் வெறும் கலங்கல்தான் மிஞ்சும். பேச்சைத் தொடங்கும்போதே மோட்டாரைப் போட்டுவிடுவது வழி. மூன்றாவது, மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். அதுதான் வட அரைக்கோளம். சில பெட்டிகளில் மோட்டார் ஒயர் மாறி இருக்கிறது. இரண்டு ஒயரையும் மாற்றிச் சொருகினால் சரியாகிவிடும். நடுவே ஐஸ் நிரப்பிய எவர்சில்வர் டப்பா, ஓரத்தில் சிவப்பு, டப்பாவோரம் நீலம். மேசையை நிறுத்தி வைத்தால் நீலம் நேராக அடியில் பரவும். சுற்றினால் நேராகப் போக முடியாமல் வளைந்து, சுழிகளாக உடையும். பூமி சுற்றுவதால் நீரோட்டங்கள் ஏன் வட்டமடிக்கின்றன என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு எல்லாமே சுற்றுவதாகத்தான் தெரியும். கேமராவும் மேசையோடு சேர்ந்து சுற்ற வேண்டும். அந்தத் தண்டைப் பெட்டியில் வைக்காதது மன்னிக்க முடியாத மறதி. பைக்கில் மாட்டும் செல்போன் பிடியை ஓர் இரும்புப் பட்டையில் முடுக்கி மேசையோடு இணைத்துவிடலாம்.

விளக்கப்படங்களுக்கு வருவோம். அச்சு பளிச்சென்று இருக்கிறது, எழுத்து பெரிது. சிவப்பு, நீல நாடா உலகைச் சுற்றிவரும் அந்தப் பிரபலமான படமும் உண்டு. விஞ்ஞானி வாலஸ் புரோக்கர் 1987-இல் பரவச் செய்த "கன்வேயர் பெல்ட்" படத்தின் வழிவந்தது அது. ஒரே நாடாவாக நீர் ஓடுவதில்லை, சுழிகளாகச் சிதறித்தான் போகிறது என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் போதும். ஒரு முழுச்சுற்றுக்கு ஆயிரம் ஆண்டு அளவில் ஆகும் என்பது சரியாகவே அச்சாகியிருக்கிறது.

நான்காம் தாள் தொல்லை. "வளைகுடா நீரோட்டம்" என்று தலைப்பு. நம் ஊரில் வளைகுடா என்றால் துபாய், குவைத். கூட்டத்தில் பாதிப்பேர் அரபு நாட்டுக் கடலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் போவது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அல்லது கல்ஃப் ஸ்ட்ரீம் என்றே சொல்லலாம். அதே தாளில் "பனி உருகினால் இந்நீரோட்டம் நின்றுவிடும்" என்பது அதைவிடப் பெரிய பிழை. கல்ஃப் ஸ்ட்ரீமைப் பெரும்பாலும் ஓட்டுவது காற்று. அதை மேற்குக் கரையோரம் ஒடுக்கிப் பாயவைப்பது பூமியின் சுழற்சி. ஏன் அப்படி என்று கடலியல் அறிஞர் ஹென்றி ஸ்டாமெல் 1948-இலேயே விளக்கிவிட்டார். காற்று வீசும் வரை அது இருக்கும். தளரக்கூடியது, மேலே வெப்பநீர் வடக்கே போய் ஆழத்தில் குளிர்நீர் தெற்கே திரும்புகிற அட்லாண்டிக்கின் செங்குத்துச் சுழற்சி. 26.5 டிகிரி வட அட்சத்தில் 2004 முதல் அதைத் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை, இந்த நூற்றாண்டில் அது தளர்வது மிகவும் சாத்தியம் என்கிறது. 2100-க்குள் திடீரென்று குலைந்துவிடாது என்பதை நடுத்தர நம்பிக்கையோடுதான் சொல்கிறது. இந்த இரண்டு வரியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் கூட்டம் பயந்து எழுந்து போகும். இரண்டாவதை மட்டும் சொன்னால் தூங்கிவிடும்.

ஆறாம் தாளில், நீரோட்டத்தை அளக்கும் அலகான ஸ்வெர்ட்ரப் என்றால் நொடிக்குப் பத்து லட்சம் லிட்டர் என்று போட்டிருக்கிறார்கள். தவறு. பத்து லட்சம் கன மீட்டர். ஆயிரம் மடங்கு வித்தியாசம். பேனாவால் திருத்திவிட்டு, ஸ்வெர்ட்ரப்பையே மறந்துவிட்டு அணைக் கணக்கில் பேசுங்கள், நம் மக்களுக்கு டிஎம்சி தண்ணிபட்ட பாடு. அட்லாண்டிக்கின் அந்தச் சுழற்சி சுமார் 17 ஸ்வெர்ட்ரப். 32.8 டிஎம்சி பவானிசாகர் காலியாக இருந்தால் அதை நிரப்ப 55 நொடி. மேட்டூரின் 93.47 டிஎம்சிக்கு இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் கூட. இதைச் சொல்லி முடித்ததும் மண்டபத்தில் ஒரு "ஆத்தாடி" கேட்கும், அதற்குப் பிறகு எல்லோரும் கவனிப்பார்கள். அது வடக்கே சுமக்கும் வெப்பம் சுமார் 1.2 பெட்டாவாட். உடுமலைப் பக்கம் நிற்கிற காற்றாலையில் 2 மெகாவாட் ஒன்றை எடுத்துக்கொண்டால், அப்படி 60 கோடி காற்றாலை முழு வேகத்தில் சுற்றுவதற்குச் சமம்.

பெட்டியின் மிகப் பெரிய ஓட்டை, பன்னிரண்டு தாளிலும் இந்தியப் பெருங்கடல் இல்லாததுதான். ஐரோப்பாக் குளிரைப் பற்றி ஆறு தாள். பருவக்காற்றைப் பற்றி அரைத்தாள். "ஏனுங்க, அங்கெங்கயோ தண்ணி கீழ எறங்குனா ஆழியாத்துக்கு என்னுங்க ஆகும்?" என்று கேட்கிறவருக்குக் காட்ட ஒன்றுமில்லை. சொல்வதற்கு நிறைய இருக்கிறது. அட்லாண்டிக் சுழற்சி தளர்ந்திருந்த பழங்காலக் கட்டங்களில் தென்மேற்குப் பருவமழையும் இளைத்திருந்ததை அரபிக் கடலின் அடிவண்டல் காட்டுகிறது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று புகுந்து அம்மியைப் பறக்கவைக்கிற அதே காற்றுதான், ஆப்பிரிக்கக் கரையில் சோமாலி நீரோட்டத்தை நொடிக்கு 2 மீட்டருக்கும் மேலான வேகத்தில் வடக்கே ஓட்டுகிறது. கரையோர மேல்நீரை வெளியே தள்ளி, ஆழத்துக் குளிர்நீரை மேலே கொண்டுவருவதும் அதுவே. மழைக்காலம் முடிந்து காற்று திரும்பினால் அந்த நீரோட்டமும் திசை திரும்பிவிடும். இப்படி ஆண்டுக்கு இருமுறை திரும்பும் பெரிய நீரோட்டம் நம் கடலின் தனிச்சிறப்பு. அதற்குப் படமே இல்லை.

நல்லவேளையாக, நம் மழையோடும் நம் கடலோடும் தொடர்புள்ள இரண்டு சோதனையை நீளத் தொட்டியை வைத்தே செய்துகொள்ளலாம். தொட்டியில் 10 செ.மீ. உயரத்துக்கு 35 கிராம் உப்பு நீர், நீல நிறத்தில். அதன்மேல் ஒரு தெர்மாகோல் துண்டை மிதக்கவிட்டு, அதன் மேல் நூலாக ஊற்றி, 4 செ.மீ. நன்னீர் சிவப்பில். அவசரப்பட்டால் கலந்துவிடும், பத்து நிமிடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு முனையில் டேபிள் ஃபேனைக் குறைந்த வேகத்தில் வையுங்கள். சிவப்பு காற்றோடு மறுமுனைக்கு ஒதுங்கும். ஃபேன் பக்கம் நீலம் மேலேறி வரும். இதுதான் பசிபிக். அங்கே கிழக்கிலிருந்து மேற்கே வீசும் வணிகக் காற்று வெப்பநீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக் குவிக்கிறது. அங்கே கடல்மட்டமே தென் அமெரிக்கக் கரையைவிடச் சுமார் அரை மீட்டர் உயரம். ஃபேனை நிறுத்துங்கள், சிவப்பு திரும்ப ஓடிவந்து தொட்டி முழுக்கப் பரவும். வணிகக் காற்று தளரும் ஆண்டுகளில் பசிபிக்கில் நடப்பது இதுதான். எல் நினோ. கொங்கு நாட்டில் எந்தக் கூட்டத்திலும் இதைக் காட்டாமல் இறங்கக் கூடாது.

அதோடு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல் நினோ என்றால் வறட்சி என்று செய்தியில் கேட்டுப் பழகியிருக்கிறோம். சிறுவாணிக்கும் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்ட (பிஏபி) அணைகளுக்கும் தண்ணீர் தரும் தென்மேற்கு மழையை அது இளைக்கவைப்பது வழக்கம். கோவை, திருப்பூர்ச் சமவெளிக்கு முக்கியமான ஐப்பசி, கார்த்திகை மழையை அது பெரும்பாலும் கூட்டவே செய்கிறது. 2015 வலுவான எல் நினோ ஆண்டு, வடகிழக்கு மழை கொட்டியது. 2016-இல் எல் நினோ போய்விட்டது, தமிழ்நாட்டில் வடகிழக்கு மழை 62 சதவீதம் குறைந்தது. மேடையில் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போட்டால், 2016 நினைவிருக்கும் விவசாயி ஒருவர் எழுந்து அவிழ்த்துவிடுவார்.

இரண்டாவது சோதனை வங்கக் கடல். மேலே சொன்ன இரு அடுக்குத் தொட்டிக்குப் பக்கத்தில், உப்பு நீரால் மட்டும் நிரப்பிய ஒரு தொட்டியை வையுங்கள். பெட்டியில் ஒன்றுதான் வரும் என்பதால் வண்ணமீன் கடைத் தொட்டி ஒன்று வேண்டும். இரண்டிலும் அடியில் சாயம் விட்டு, கரண்டியால் மேலாக ஒரே அளவு கலக்குங்கள். உப்புத் தொட்டியில் அடிச்சாயம் எழும்பி வரும். அடுக்குத் தொட்டியில் அசையாது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆற்று நீரும் மழையும் வங்கக் கடலின் மேல் இப்படித்தான் ஒரு நன்னீர்ப் போர்வை போர்த்தியிருக்கின்றன. காற்று எவ்வளவு கலக்கினாலும் ஆழத்துக் குளிர் சுலபத்தில் மேலே வருவதில்லை. மேற்பரப்பு பெரும்பாலும் 28 டிகிரிக்கு மேலேயே நிற்கிறது. புயல்களுக்கு அது தீனி. அரபிக் கடல் ஆவியாகி உப்பேறியது, அங்கே இந்தப் போர்வை இல்லை.

தொட்டி காட்டுவது ஏன் நடக்கிறது என்பதை. எங்கே நடக்கிறது என்பதற்குச் செல்போனும் ஒரு புரொஜெக்டரும் போதும். கேமரன் பெக்காரியோ உருவாக்கிய "எர்த் நல்ஸ்கூல்" இணையதளம் இலவசம். இடது கீழ் மூலையில் "எர்த்" என்ற சொல்லைத் தொட்டால் பட்டியல் விரியும். "ஓஷன்", பிறகு "கரண்ட்ஸ்". தேதியை ஜூலைக்கு மாற்றிச் சோமாலியாவைப் பெரிதாக்கினால் அந்தப் பெரிய சுழல் தெரியும். பிறகு ஜனவரிக்கு மாற்றுங்கள். அது மேற்பரப்பை மட்டுமே காட்டும் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். ஆழத்தை அளப்பவை ஆர்கோ மிதவைகள். உலகக் கடல்களில் சுமார் 4,000 இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டரில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, அளந்தபடி மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். இந்தியாவுக்கான தரவு மையம் ஹைதராபாத்தின் இன்காய்ஸ். விளக்கப்படத்தில் இன்னும் கப்பலில் வாளி இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

விலை நியாயமா என்றால், சுழல்மேசைக்காக மட்டும் வாங்கலாம். அது வேண்டாதவர்கள் வண்ணமீன் கடையில் இதே அளவில் கண்ணாடித் தொட்டி ஒட்டச் சொல்லி, தடுப்புப் பலகையை அக்ரிலிக் வெட்டும் கடையில் துளையோடு வாங்கிக்கொண்டால் செலவு வெகுவாகக் குறையும். கண்ணாடி கீறலும் தாங்கும். ஆனால் பஸ்ஸில், மொபெட்டில் ஊர் ஊராகத் தூக்கிப் போகிறவர்களுக்கு அக்ரிலிக்தான் தோது. அதை ஸ்பிரிட்டாலோ சானிடைசராலோ துடைக்கக் கூடாது, முடிமுடியாக வெடிப்பு விடும். ஈரப் பருத்தித் துணி போதும். உலர்ந்த தூசியைத் துடைத்தாலும் கீறும்.

ஒரு கூட்டத்துக்கு 20 லிட்டர் கேன் இரண்டு, ஐஸ் 3 கிலோ, கல்லுப்பு ஒரு கிலோ, தொட்டிக்குப் பின்னால் வைக்க ஒரு வெள்ளை சார்ட் தாள், ஒரு எல்இடி விளக்கு. 40 பேருக்கு மேல் போனால் கேமரா வைத்துத் திரையில் காட்டுங்கள். முடிந்ததும் அந்தத் தண்ணீரைப் பக்கத்தில் நிற்கிற தென்னைக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றிவிடாதீர்கள். நிறைந்த தொட்டி ஒன்றில் 300 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. சாக்கடையில்தான் விட வேண்டும்.